சிந்தாத தீனி

நான் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அவர் சமையலறை மேசைமுன் நின்று, மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியால் பேரீச்சம்பழ விழுதை வெட்டிக்கொண்டிருந்தார். விழுதில் ஓட்ஸ் பொடியைக் கலந்து, பலகையில் தட்டி, ஓரங்களைச் சீவி வைத்திருந்தார். சுண்டுவிரல் நீளம், சுண்டுவிரல் தடிமன். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, ஒரு முனையை மட்டும் இறுக்கி முறுக்கினார். மறுமுனையைச் சும்மா மடித்துவிட்டார்.

"அது என்ன சார், ஒரு பக்கம் மட்டும் முறுக்குறீங்க?"

"அப்பதான் ஒரு கையால பிரிக்கலாம், சிஸ்டர். முறுக்கைப் பல்லால பிடிச்சு இழுத்தா போதும், துண்டு தானா வெளிய வந்துடும்."

"யாரு பிரிக்கப் போறாங்க?"

கை நின்றது. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழக்கதோஷம்" என்றார். "இவளுக்குத்தான் செய்யறேன்."

'இவள்' உள்ளறையில் படுத்திருந்த அவர் மனைவி. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரியும். திருப்பிச் சொல்ல வராது. மூக்கில் வைத்திருந்த உணவுக்குழாயை எடுத்துவிட்டு, மசித்த உணவு கொடுக்கலாம் என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். அதற்காகத்தான் என்னை வைத்தார்கள்.

முதல் வேளையே தகராறு. துண்டுகளைப் பாலில் கரைத்துக் குழைத்து எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். பின்னாலேயே போன நான் வாசலில் திகைத்து நின்றேன். மனைவியைச் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுக்கிற வாக்கில் கிடத்தி, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, வாயருகே கரண்டியைக் கொண்டுபோயிருந்தார்.

"நிறுத்துங்க சார்! இப்படி மல்லாத்தி வெச்சு ஊட்டினா நேரா நெஞ்சுக்குள்ள போயிடும். நிமிர்த்தி உட்கார வைங்க."

"நான் இப்படிச் சாய்ஞ்சுதான் சிஸ்டர் சாப்பிடுவேன். மணிக்கணக்கா."

"நீங்க எங்க வேணா எப்படி வேணா சாப்பிடுங்க. இவங்க நிமிர்ந்துதான் உட்காரணும். மோவாய் கீழ இறங்கணும்."

எங்கே அப்படிச் சாப்பிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாக ஆகும்.

அவர் தொழில் பல்செட் செய்வது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் சின்ன அறை. ஒரு மேசை, ஒரு விளக்குச் சுடர், அலமாரி நிறையச் சுண்ணாம்புத் தாடைகள். டாக்டர் வாயைப் பார்ப்பார், இவர் வாயின் அச்சை மட்டும் பார்ப்பார். தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால் ஆளைத் தெரியாது, பல்லைத் தெரியும் என்பார். இளவயதில் ஒருநாள், விமானத் திடலில் கிளைடர் கிளப் நடத்திய செயலாளருக்குப் பல்செட் இரண்டாக உடைந்துபோனது. மறுநாள் அவர் மேடையில் பேச வேண்டும். இவர் ராத்திரி முழுக்க இருந்து ஒட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அவர் இவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து மேலே கூட்டிப்போனார். அவ்வளவுதான், பறக்கும் பைத்தியத்தில் ஆள் விழுந்தார்.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். தரையில் வின்ச் என்கிற சுழல் எந்திரம் நீளக் கம்பிக்கயிற்றைச் சுருட்டி இழுக்க, பட்டம்போல மேலே ஏறும். கயிற்றைக் கழற்றிவிட்ட பிறகு உங்கள் சாமர்த்தியம். வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே வட்டம் போட்டு உயர வேண்டும். தெரிந்தவர்கள் முற்பகலில் போனால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார்கள். அத்தனை நேரமும் ஒரு கண்ணாடி மூடிக்குள் கால் நீட்டிச் சாய்ந்தபடி, ஒரு கை கட்டுப்பாட்டுக் கோலில்.

"குளிக்கிற தொட்டியில படுத்துக்கிட்டே ஊர் சுத்துற மாதிரின்னு வெச்சுக்குங்க" என்று எனக்கு விளக்கினார்.

"பசிக்காதா?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. முகம் மலர்ந்துவிட்டது.

முதல் நீண்ட பறப்புக்கு பிஸ்கட் கொண்டுபோனாராம். காற்று ஒரு குலுக்குக் குலுக்கியதும் தூள் முழுக்க எழும்பிக் கண்ணுக்குள் போனது. அடுத்த தடவை சாக்லேட். கண்ணாடி மூடிக்குள் அடிக்கிற வெயிலில் அது உருகிப் பேன்ட்டில் ஓடி, இறங்கி நடந்து வந்தபோது பார்த்தவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவை கடையில் விற்கும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். மேலே போகப்போகப் பொட்டலம் பலூன்போல ஊதிப் படாரென்று வெடித்தது. இறக்கை ஒடிந்துவிட்டது என்று ரேடியோவில் கத்திவிட்டார். அதற்கப்புறம் தானே ஒரு டப்பா செய்து, இடப்பக்கம் வாரால் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். கிளப்பில் அவர் பெயரே 'டப்பா' ஆகிவிட்டது. வயதில் சின்னவர்களுக்கு 'டப்பா அண்ணன்'.

"மொச்சை, பட்டாணின்னு மூச்சே விடக்கூடாது சிஸ்டர். பொட்டலம் மாதிரி வயிறும் ஊதும். கண்ணாடி மூடியைத் திறக்கவும் முடியாது."

சிரித்தேன். அவரும் சிரித்தார். உள்ளே கட்டிலில் இருந்தவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் தபால் நிலைய கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து டப்பாவுக்குள் போவதைச் செய்தவர் அவர்தான். சோதனைகள் வீட்டில் நடந்தன. ஜன்னல் விளிம்பில் ஒரு துண்டை வைத்து, வெயில் பட்டு உருகுகிறதா என்று பார்ப்பது. பிறகு சாய்வு நாற்காலியில் கணவர் கால் நீட்டிப் படுத்து, வலக்கையில் அகப்பையைக் கோலாகப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி இடக்கையால் டப்பாவைத் துழாவி எடுத்துச் சாப்பிட வேண்டும். கீழே விழுந்ததைப் பொறுக்க மனைவி பக்கத்தில் நிற்பார்.

"'ஏங்க, வலது பக்கம் மலை வருது, திரும்புங்க'ன்னு கிண்டல் பண்ணுவா. நல்லாப் பேசுவா சிஸ்டர். கவுன்டர்ல அவகிட்ட வாய் கொடுத்து யாரும் ஜெயிச்சதில்லை."

விதிகள் சேர்ந்துகொண்டே போயின. சிந்தக் கூடாது, உருகக் கூடாது, ஒட்டக் கூடாது. தோலுரிக்கும் பழம் கூடாது. வாய் நிறையக் கூடாது, திடீரென்று ரேடியோவில் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். மூடிய இடம், அதனால் மணக்கக் கூடாது. காரமும் உப்பும் தாகம் எடுக்க வைக்கும்; தண்ணீர் குடித்தால் அடுத்த தொல்லை, மேலே கழிப்பறை கிடையாது. புளிப்பு ஆகவே ஆகாது, சாய்ந்திருக்கையில் நெஞ்சு எரியும். சனி ஞாயிறுக்கு வயிறு ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் மற்ற நாளும் அதே பத்தியம்தான். வீட்டில் இரண்டு சமையலா வைப்பார்கள்? மெல்ல மெல்ல அந்த வீட்டு அடுப்பில் கண்ணாடி மூடிக்குள் சாப்பிட ஏற்றவை மட்டுமே வெந்தன.

"சோதனைல தோத்தது எல்லாம் என்ன ஆகும் சார்?"

"அவ சாப்பிட்டுருவா. எதையும் வீணாக்க மாட்டா." பெருமையாகத்தான் சொன்னார்.

பக்கவாதம் வந்ததும் ஒரு பறக்கும் நாளில்தான். மேகம் வரிசை கட்டி நின்ற நாள், அவர் வாழ்க்கையிலேயே நீண்ட பறப்பு. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தார். இறங்கும் நேரம் தெரிந்ததும் டப்பாவில் மிச்சமிருந்த கடைசித் துண்டைக் கொண்டாட்டமாகச் சாப்பிட்டாராம். வழக்கமாக ஓடிவந்து இறக்கையைப் பிடித்து 'டப்பா, டப்பா' என்று கூச்சல் போடுகிறவர்கள் அன்று தள்ளி நின்றார்கள். யார் முதலில் சொல்வது என்று அவர்களுக்குள் தகராறு. கீழ்வீட்டில் தையல்கடை வைத்திருக்கும் அம்மாள்தான், மேலே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு ஏறிப் பார்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் திடலுக்குப் போகவில்லை. பல்செட் வேலையையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மனைவியின் சாப்பாடு ஒன்றே வேலை. விழுங்கும் பயிற்சி கொடுத்தவர் சொல்லி அனுப்பியதைக் கேட்டதும் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டதாம். உதிரக் கூடாது, ஒட்டக் கூடாது, சின்ன வாயாகக் கொடுக்க வேண்டும், கொட்டைகள் வேண்டாம்.

"எனக்குத் தெரிஞ்ச வேலை சிஸ்டர் இது. இதைத்தானே நான் முப்பது வருஷமா யோசிச்சிருக்கேன்!"

குறை சொல்ல முடியாது. அவர் குழைத்த கூழ் கட்டி தட்டாது. பல் அச்சு எடுக்க மாவு கலக்குகிற கை அல்லவா? ஓட்ஸ், வாழைப்பழம், வேகவைத்த ஆப்பிள், ஒட்டாமல் பாலில் கரைத்த பேரீச்சை. நிறம் மட்டும் மாறும். எல்லாம் மிருதுவாக, இனிப்பாக, மணமில்லாமல்.

அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை.

முதலில் தொண்டை வலியோ என்று பார்த்தேன். இல்லை. வாய்ப்புண்ணா என்று விளக்கடித்துப் பார்த்தேன். இல்லை. தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுத்தால் விழுங்கினார். மருந்தைப் பொடித்துக் கொடுத்தால் விழுங்கினார். கூழ்க் கிண்ணம் கண்ணில் பட்டால் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும், முகம் சுவர்ப்பக்கம் திரும்பும். நான் ஊட்டினாலும் அதேதான். இரண்டு கரண்டி, அதிகம் போனால் மூன்று. கழுத்தெலும்பு துருத்த ஆரம்பித்தது. இடுப்பில் துணி நிற்கவில்லை.

டாக்டர் எடை பார்த்துவிட்டு நேரடியாகவே சொன்னார். "இப்படியே போனா தாங்காது. வயித்துல குழாய் வெச்சுடலாம். வியாழக்கிழமை காலைல கூட்டிட்டு வாங்க."

குழாய் என்பது கொலையல்ல. எத்தனையோ பேரைக் குழாயோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மூக்கில் இருந்த குழாயை இந்த அம்மாள் சரியாக இருக்கும் இடக்கையால் இரண்டு முறை பிடுங்கி எறிந்திருந்தார். வயிற்றிலும் அப்படிச் செய்தால் கையைக் கட்டுவார்கள். மருத்துவமனையில் கட்டியிருந்தபோது அதைக் கணவர் பார்த்திருக்கிறார்.

"இருக்கறதே ஒரு கை. அதையும் கட்டினா அவகிட்ட என்ன இருக்கு?" என்றார் என்னிடம். பிறகு அடுப்படிக்குப் போய் இன்னும் மெல்லிசாக ஒரு கூழ் கரைத்தார். அதுவும் திரும்பி வந்தது.

புதன்கிழமை மத்தியானம் கிண்ணத்தைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுக் கேட்டேன். முதல் நாளே கேட்கிற கேள்விதான். மாவு மாவாகக் கரைத்துக்கொண்டு எதிரில் நிற்கிற மனுஷன் எல்லாம் தெரிந்தவர் போலிருந்ததால் தள்ளிப்போயிருந்தது.

"சார், உடம்பு நல்லா இருந்தப்போ இவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"அவளா? எல்லாம் சாப்பிடுவா."

"எல்லாம் சாப்பிடுறவங்களும் ஒண்ணு ரெண்டுக்குத்தான் சப்புக் கொட்டுவாங்க. அது எது?"

யோசித்தார். விரலில் ஒட்டியிருந்த ஓட்ஸைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். "பேரீச்சம்பழம்...னு நினைக்கிறேன்."

"அது உங்களுக்குப் பிடிச்சது."

"அப்ப... வாழைப்பழம்..." என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். மகளுக்குப் போன் போட்டார். வேலையிலிருந்த மகள் அவசரமாகப் பேசுவது வெளியே கேட்டது. "அம்மாவுக்கா? உங்களுக்குப் பிடிச்சதுதாம்பா அம்மாவுக்கும்."

போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கீழ தையற்காரம்மாகிட்ட கேட்டுப் பாருங்க" என்றேன்.

"என் பொண்டாட்டிக்கு என்ன பிடிக்கும்னு கீழ்வீட்டுல போய்க் கேக்கறதா சிஸ்டர்?"

"குழாய் வெக்கறதுக்கு அது தேவலை. எழுந்திருங்க."

போனார். திரும்பி வரும்போது பின்னால் தையற்காரம்மாளும் ஏறிவந்தார். கழுத்தில் அளவு நாடா, காதோரம் ஒரு ஊசி, நெற்றியில் கோபம்.

"பாருங்கக்கா கூத்தை" என்று என்னிடம்தான் ஆரம்பித்தார். "அண்ணே வந்து அண்ணிக்கு என்ன பிடிக்கும்னு எங்கிட்ட கேக்குறாரு. நான் என்ன, இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்ச புரோக்கரா?"

"தெரிஞ்சா சொல்லும்மா. நாளைக்குக் காலைல குழாய்" என்றேன்.

அவர் குரல் தணிந்தது. "புளிப்புக்கா. புளிப்புன்னா உசுரை விடுவாங்க. அண்ணே திடலுக்குக் கிளம்பின அடுத்த நிமிஷம் கீழ இறங்கிடுவாங்க. ஆளுக்கொரு தக்காளியைச் சுட்டு, உப்பு மிளகுத்தூள் போட்டு, மேல எலுமிச்சையைப் பிழிஞ்சு, கையாலயே பிசைஞ்சு சாப்பிடுவோம். அப்புறம் மொறுமொறுன்னு வறுத்த உருளைக்கிழங்கு. சிந்தினா சிந்தட்டும்னு என் துணி மேலயே வெச்சுக் கொறிப்பாங்க. ஒரு தடவை வாடிக்கையாளர் சட்டையில எண்ணெய் இறங்கிடுச்சு, நான் திட்டினேன், அவங்க சிரிச்சாங்க."

"எண்ணெயா?" என்றார் அவர், அதுதான் முக்கியம் என்பதுபோல.

"உங்க பேரீச்சம்பழக் குச்சியெல்லாம் எங்கிட்டதாண்ணே தள்ளுவாங்க. 'இதைப் பாத்தாலே குமட்டுதுடி'ம்பாங்க. நானும் எவ்வளவுதான் தின்பேன்? மெஷின் டிராயர்ல இன்னும் கிடக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன அடிக்கவா போறேன்?"

"சொன்னாங்களாமே. ஒருநாள் புளிப்பா எதாவது செய்யட்டுமான்னு கேட்டதுக்கு, 'இந்த ஞாயித்துக்கிழமை முடியட்டும்'னீங்களாம்." மூக்கை உறிஞ்சினார். "அப்புறம் எத்தனை ஞாயித்துக்கிழமை முடிஞ்சுதுண்ணே?"

எனக்கு அப்போது அழுகைக்கும் சண்டைக்கும் நேரமில்லை. தக்காளி இருக்கிறதா என்று கேட்டேன். அந்த வீட்டில் இல்லை. தையற்காரம்மாள் கீழே ஓடிப்போய் எடுத்துவந்தார்.

தக்காளியைச் சுட்டுத் தோலையும் விதையையும் நீக்கினேன். சாறு தண்ணீராக ஓடினால் தொண்டையில் தப்பாக இறங்கிவிடும். அதனால் வேகவைத்த உருளைக்கிழங்கோடு மசித்து, கரண்டியில் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். உப்பு, நைசாக அரைத்த மிளகு, பிறகு எலுமிச்சை. புளிப்பு நாக்கில் பட்டால் சிலருக்கு விழுங்கும் அசைவு சீக்கிரம் வரும் என்று பயிற்சியிலும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பாடமெல்லாம் அங்கே தேவைப்படவில்லை. தக்காளி தீயில் வெடித்து மணம் உள்ளறைக்குப் போனதுமே கட்டிலில் அசைவு கேட்டது. போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் சுவரிலிருந்து திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்த்தி உட்காரவைத்தேன். தையற்காரம்மாள் எதிரில் உட்கார்ந்து, "அண்ணி, உப்புக் கொஞ்சம் தூக்கலா போட்டிருக்காங்க இந்த அக்கா. சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கரண்டியை நீட்டினார்.

வாய் திறந்தது. ஒரு கரண்டி. விழுங்கினார்; நான் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன், சரியாக இறங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். புளிப்பில்தான். திறந்து, மறுபடி வாயைத் திறந்தார். இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாயில் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தேன். அவசரப்படுத்த வேண்டியவரை இப்போது நிதானப்படுத்த வேண்டியிருந்தது. கிண்ணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அவர் கதவருகில் கையில் வாய் துடைக்கும் துண்டோடு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்ததால் நான்தான் கூப்பிட்டேன். "நீங்க ஒரு வாய் குடுங்க சார்."

தையற்காரம்மாள் எழுந்து இடம் விட்டார். அவர் உட்கார்ந்தார். அதே கிண்ணம், அதே கரண்டி. நீட்டினார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"உனக்குப் பிடிச்சதுதான். தக்காளி. பாரேன்" என்றார்.

உதடு திறக்கவில்லை. கோபம் என்று நான் சொல்ல மாட்டேன். கோபப்படுகிற நோயாளிகளை எனக்குத் தெரியும், அவர்கள் தட்டிவிடுவார்கள். இது அப்படியில்லை. அந்தக் கையிலிருந்து என்ன வரும் என்று அந்த வாய்க்கு இத்தனை வருஷப் பழக்கம். அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்தார். மிச்சத்தைத் தையற்காரம்மாள் ஊட்டி முடித்தார்.

சமையலறையில் கிண்ணத்தைக் கழுவியபடி அவர் கேட்டார். "வேற என்னவெல்லாம் பிடிக்கும் அவளுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாண்ணே" என்றார் தையற்காரம்மாள். இப்போது குத்தல் இல்லை. "நாங்க சேர்ந்து தின்னது மட்டும்தானே எனக்குத் தெரியும்? மீதியை அண்ணியைத்தான் கேக்கணும்."

"வாய் இருந்தப்போ கேக்கல. இப்ப கேட்டு என்ன?" குழாயை மூடாமல் நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஜன்னல்ல வெச்ச துண்டைக் கால்மணிக்கொரு தடவை போய்த் தொட்டுப் பாப்பேன் சிஸ்டர். உருகுதா, இறுகுதான்னு. பக்கத்துல நின்னவளை 'உனக்கு வேணுமா'ன்னு கேட்டிருப்பேனா? நினைச்சுப் பாக்குறேன், ஞாபகம் வரல. கேட்டிருந்தா ஞாபகம் இருக்கும் இல்லையா?"

ஆறுதல் சொல்வது என் வழக்கமில்லை. பொய்யான ஆறுதல் சொன்னால் நோயாளி வீட்டார் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். தண்ணீர்க் குழாயை நான் மூடினேன்.

"அவங்களுக்குப் பேச்சுதான் வரல சார். தலையாட்ட வருது. முகர வருது. காட்டினா ஆமா, இல்லைன்னு சொல்லுவாங்க. இதோட வயித்துக் குழாயைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு டாக்டரையும் கேட்டுப் பாருங்க."

மறுநாள் காலை நான் போனபோது அவர் டாக்டரிடம் பேசி முடித்திருந்தார். ஒரு வாரம் பார்க்கலாம், எடை இன்னும் இறங்கினால் மறுபேச்சில்லை என்று சொல்லியிருந்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலே மனைவியைச் சரியாக நிமிர்த்தி உட்காரவைத்தார். முதுகுக்கும் விழுந்த தோளுக்கும் தலையணை கொடுத்தார். மேசையை இழுத்து முன்னால் போட்டு, கடைத்தெரு திறந்ததும் போய் வாங்கிவந்த பையை அதன் மேல் வைத்தார்.

எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று. ஒரு ஆரஞ்சு, ஒரு பச்சை ஆப்பிள், கொஞ்சம் சீஸ், ஒரு கை வறுகடலை, ஒரு வெங்காயம், காய்ந்த மிளகாய், புளித்த தயிர், காரமான வறுவல், காய்ந்த ரொட்டி, கொய்யா, பூண்டு, காபிப்பொடி. ஒவ்வொன்றாக எடுத்து மனைவியின் மூக்கருகே பிடித்தார். தேவையானதைக் கீறியோ கசக்கியோ காட்டினார். அந்த அம்மாள் முதல் இரண்டுக்கும் அவரை வெறித்துப் பார்த்ததோடு சரி. மூன்றாவதாகக் கொய்யாவை நறுக்கிக் காட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்தார். அது பதில் என்று புரிந்ததும் அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, ஆரஞ்சிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

ஆமா என்றால் மேசையின் ஒரு பக்கத் தட்டில் வைத்தார். இல்லை என்றால் பைக்குள் போட்டார். நான் பக்கத்தில் நின்று, ஆமா என்றவற்றில் தொண்டைக்கு ஆபத்தானதை எல்லாம் பிரித்து இன்னொரு தட்டுக்கு மாற்றினேன். வறுகடலை அங்கே போனது. காய்ந்த ரொட்டி போனது. காரமான வறுவலைப் பார்த்ததும் அந்த அம்மாள் இடக்கையை நீட்டினார். நான் அதையும் எடுத்துவைத்தேன்.

"இதுவுமா சிஸ்டர்?"

"இதுவும்தான்."

"முன்னாடி சாப்பிட்டிருக்கலாம்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

முடிந்தபோது என் தட்டில்தான் அதிகம் இருந்தது. அவர் தட்டில் மிஞ்சியவை தயிர், சீஸ், காபிப்பொடி, வேகவைத்து மசிக்கலாம் என்று நான் விட்டுவைத்த வெங்காயமும் பூண்டும். பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தையற்காரம்மாளிடம் கொடுத்துவிட்டு, கையோடு தக்காளி எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்று கேட்டுவந்தார். மணம் வெளியே போகாமல் ஜன்னலை மூடி, அடுப்பைப் பற்றவைத்தார்.